"கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று கேட்கும் விருந்தினருக்கு என்ன பதில் சொல்வது?

விடுமுறை வீட்டுக்குத் தள்ளுபடி கேட்டு மெசேஜ் வந்தால், முதலில் கணக்கைப் பாருங்கள். ஓர் இரவுக்கு வாடகை 100 என்று வையுங்கள். 3 இரவுக்கு 300. முன்பதிவு நடக்கும் இணையதளத்தின் கமிஷன் 15% என்றால் 45, சுத்தம் செய்யவும் துணி துவைக்கவும் 60, மின்சாரம் முதலியவற்றுக்கு 45 போனால் கையில் நிற்பது 150. வாடகையில் 20% குறைத்தால் 99தான் மிஞ்சும்; லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. அதே வீட்டை 7 இரவுக்கு 10% குறைத்துக் கொடுத்தால், சுத்தம் செய்யும் செலவு ஒரே முறைதான் என்பதால் இரவுக்கு 50க்குப் பதில் சுமார் 53 நிற்கும்.

ஆகவே சும்மா குறைக்காதீர்கள், பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: கூடுதல் இரவுகள், வார நாள்களுக்கு மாற்றம், ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனை. இரண்டு முன்பதிவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒற்றை இரவு, நாளை, நாளை மறுநாள் என்று நெருங்கிவிட்டும் காலியாகக் கிடக்கும் தேதி என்றால் தாராளமாக இறங்கலாம். சீசன் தேதிகளுக்கு வேண்டாம்.

பதில் சுருக்கமாக இருக்கட்டும்: "விசாரித்ததற்கு நன்றி. இந்தத் தேதிகளுக்கு இதுதான் விலை. 5 இரவு தங்கினால் 10% குறைக்கிறேன். நாளை மாலை வரை இந்த விலை."

விளக்கம் நீண்டால் பேரமும் நீளும். இரண்டாம் முறை கேட்டால் அதே விலையை மரியாதையாகத் திரும்பச் சொல்லுங்கள்.

"தளத்துக்கு வெளியே பணம் தருகிறேன், குறையுங்கள்" என்றால் உடனே மறுத்துவிடுங்கள். ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் அது விதிமீறல்; வீட்டில் சேதம் நேர்ந்தால் தளத்தின் பாதுகாப்பும் கிடைக்காது.