உப்பளத்து வீடியோ ஒன்று, பாடம் நாலு

வேதாரண்யம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். அறிவியல் என்பது ஏட்டில் இருப்பது. ஆள் வராத நாளில் கணக்கு, சமூக அறிவியல், தமிழ் எல்லாமே என் தலையில்தான். எங்கள் ஹாலில் ஒரு டிவி மாட்டியிருக்கிறது. அதில் சின்னச் சின்ன வீடியோ போட்டு எப்படிப் பாடம் நடத்துகிறேன் என்று பக்கத்துப் பள்ளிக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

முதலில் என் சொதப்பல். நானே எடுத்த முதல் வீடியோ 14 நிமிடம். "அன்பு மாணவர்களே, வணக்கம்" என்று தொடங்கி, ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழை என்று ஒரு பாடத்தையே அதில் திணித்திருந்தேன். நாலாவது நிமிடத்தில் கடைசி வரிசையில் புளியங்கொட்டை விளையாட்டு ஆரம்பித்துவிட்டது. முடிந்ததும், "என்ன புரிஞ்சுது?" என்றேன். "டீச்சர், வீடியோவுல உங்க சேலை வேற கலரா தெரியுது" என்றான் ஒருவன். அன்று வகுப்பு கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அதிலிருந்து ஒரு வீடியோவுக்கு ஒரே கேள்வி என்று வைத்துக்கொண்டேன். எட்எக்ஸ் இணையப் படிப்புகளில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி, 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் ஈடுபாட்டோடு பார்ப்பது பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் போவதில்லை என்று அதில் கண்டார்கள். அது பெரியவர்கள், தாங்களாகவே விரும்பிச் சேர்ந்தவர்கள். மதியச் சாப்பாடு முடித்து வந்த ஏழாம் வகுப்புக்கு அதில் பாதி என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். மூன்று நிமிடம் தாண்டினால் வெட்டிவிடுவேன்.

சரி, நீளத்தைவிடப் பெரிய விஷயம் நிறுத்துவது. வீடியோவை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் அன்றைக்கு டிவியைப் போடாதீர்கள். என் கணக்கில் நிறுத்தவேண்டிய இடம், விடை வருவதற்கு ஒரு நொடி முன்னால். ஓர் உதாரணம். 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15-இல் போன டேவிட் ஸ்காட், நிலாவில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் ராஜாளி இறகுமாகப் பிடித்து ஒரே நேரத்தில் கீழே விட்டார். சுத்தியல் 1.32 கிலோ, இறகு 30 கிராம். நாசாவின் படம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு நிமிடம்கூட ஓடாது. படம் மங்கல், பேச்சு இங்கிலீஷ். அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு, "அவர் கை ரெண்டையும் மட்டும் பாருங்க" என்று சொல்லிப் போடுகிறேன். கை விடப்போகும் நொடியில் நிறுத்துகிறேன்.

"எது முதல்ல விழும்?"

போன வருஷம் 31 பேரில் 24 பேர் சுத்தியல் என்று கை தூக்கினார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, "ரெண்டுமே விழாது டீச்சர், நிலாவுலதான் ஈர்ப்பே கிடையாதே" என்றாள். அதைக் கேட்டதும் பாதி வகுப்பு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் பாடமாக நடத்தியிருந்தால் இப்படி ஒரு தப்பான எண்ணம் இத்தனை பேர் மனசில் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொருவரையும் நோட்டில் தன் பதிலை எழுதச் சொன்னேன். எழுதாமல் விட்டால், பார்த்த பிறகு எல்லோரும் "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். அப்புறம் ஓட விட்டேன். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. "இன்னொரு தடவை, டீச்சர்!" மூன்று தடவை போட்டேன். குட்டி வீடியோவில் இதுதான் சௌகரியம், மூன்று தடவை போட்டாலும் மூன்று நிமிடம்தான்.

டிவியை அணைத்தபின் ஒரு நோட்டையும் ஒரு தாளையும் தனித்தனியாக விட்டுக் காட்டினேன். தாள் ஆடி ஆடி வந்தது. பிறகு தாளை நோட்டின் மேலேயே ஒட்டினாற்போல வைத்து விட்டேன், இரண்டும் சேர்ந்தே விழுந்தன. காற்று எங்கே தடுக்கிறது, காற்றே இல்லாத நிலாவில் ஏன் தடுக்கவில்லை என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள். கையால் செய்துபார்க்க ஏதாவது ஒன்று இல்லாமல் வீடியோவோடு வகுப்பை முடிக்காதீர்கள்.

இனி, சொந்தமாக எடுப்பது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது உப்பளத்துக்குப் போகிறார்கள். அகத்தியம்பள்ளிப் பக்கம் ஒரு பாத்தியில் வேலை செய்யும் அண்ணனிடம் கேட்டேன், ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். "டீச்சரம்மா, கடல் தண்ணி மூணு, மூணரை டிகிரிதான் இருக்கும். இது இருபத்தஞ்சு. இப்ப வச்சீங்கன்னா உப்பு உக்காந்துரும்." அந்த ஒரு வாக்கியத்தையும் போனில் பதிவு செய்துகொண்டேன். வீடியோவின் தொடக்கமே அதுதான். (அவர் சொன்ன டிகிரி வெப்பம் இல்லை, தண்ணீரில் உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதற்கு உப்பளத்தில் சொல்லும் அளவு.)

அந்தத் தண்ணீரைக் கறுப்பு பிளாஸ்டிக் தட்டில் அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக ஊற்றி, மேலே போனை டைம்லாப்ஸில் (நீண்ட நேரத்தைச் சுருக்கி வேகமாகக் காட்டும் முறை) வைத்தேன். முதல் தடவை வெயிலிலேயே வைத்தேன். நாற்பதாவது நிமிடத்தில் போன் சூடாகி அணைந்துவிட்டது. மறுநாள் ஜன்னலோரம், நிழலில் வைத்தேன். தட்டு ஆடக்கூடாது, போன் ஆடக்கூடாது, நடுவில் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. 4 மணி நேரம் 2 நிமிடமாகச் சுருங்கி வந்தது. முதலில் ஒன்றுமே இல்லை. திடீரென்று ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அப்புறம் அது உருண்டையாக வளராமல் நாலு பக்கமும் நேர்க்கோடு போட்டதுபோலச் சதுரமாக வளர்ந்தது. அதைப் பார்த்ததும், "யாரு டீச்சர் வெட்டுனது?" என்றான் உப்பள வீட்டுப் பையனே. தினமும் உப்பைப் பார்க்கிறவனுக்கும் அது வளர்வதைப் பார்ப்பது முதல் தடவை.

இந்த 2 நிமிடத்தை நாலு பாடத்துக்கு வைத்துக்கொண்டேன். அறிவியலில் ஆவியாதல், படிகமாதல். முதல் புள்ளி வரும் முன் நிறுத்தி, "தண்ணி எங்க போச்சு, உப்பு ஏன் கூடப் போகல?" என்று கேட்பேன்.

கணக்கில் விகிதம். 240 நிமிடம் 2 நிமிடமானால் எத்தனை மடங்கு? வீடியோவில் 30 நொடி என்றால் நிஜத்தில் எவ்வளவு நேரம்? அடுத்து, ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன, ஒரு கிலோ கிடைக்க எத்தனை லிட்டர் வேண்டும்? 29 லிட்டர் பக்கம் வரும். "அவ்வளவும் சோத்துல போடுற உப்பா?" என்று கேட்டால் இன்னொரு கணக்கு தொடங்கும். சோற்றுப்பு 27 கிராம்போலத்தான் இருக்கும், ஆக 37 லிட்டர்.

சமூக அறிவியலில் வீடியோவின் கடைசிக் காட்சியை, உப்பு நிறைந்த தட்டை, அப்படியே உறைய வைத்துவிட்டு, "இதை எடுத்ததுக்கு ஜெயில்" என்பேன். 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்தார்கள், ஏறத்தாழ 240 கிலோமீட்டர். 30-ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள், ராஜாஜி கைதானார். வழியில் இவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று அன்றைய தஞ்சை கலெக்டர் தோர்ன் மிரட்டினார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். இந்தக் கதைக்கு நான் வீடியோ தேடவில்லை. சொல்வதிலேயே பிள்ளைகளுக்கு மரம் தெரிகிறது. எதற்கு வீடியோ வேண்டாம் என்பதும் தெரிய வேண்டும்.

தமிழுக்கு, சங்கப் பாடல்களில் வரும் உமணர். வண்டி கட்டி உப்பு கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றியவர்கள். இது சும்மா ஒரு தொடுப்புதான். தமிழில் உண்மையில் வீடியோ உதவியது உச்சரிப்புக்கு. 'வாழைப்பழம்' என்று சொல்லச் சொல்லி வாயைப் பக்கத்தில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். ள சொல்லும்போதும் ழ சொல்லும்போதும் நாக்கு எங்கே போகிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நாக்கு நுனி வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கிறது என்று தொல்காப்பியம் சொல்வதை அதற்குப் பிறகு படித்தால் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள். எடுத்ததை வகுப்பு முடிந்ததும் அவர்கள் கண்முன்னாலேயே அழித்துவிடுவேன். பிள்ளைகளின் முகம் என் போனில் இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

படம் எடுக்க ஸ்டாண்டு வாங்க வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் ஸ்டூல் எல்லா வீட்டிலும் இருக்கும். போனை அதன்மேல் கவிழ்க்காமல் படுக்க வைத்து, பின்பக்க கேமரா ஓட்டைக்கு நேராக வருமாறு நகர்த்துங்கள். கீழே தட்டோ தாளோ வைத்தால் கை மட்டும் படத்தில் வரும், முகம் வராது, சேலை கலர் பிரச்சினையும் வராது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரலோடு ஹெலிகாப்டர் சத்தமும் சேரும். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். ஒருமுறை கணக்கு வீடியோ நடுவில் என் மாமியார் அழைத்துவிட்டார்.

பிறர் எடுத்ததைப் போடுவதானால், நேரடியாக இணையத்தில் ஓடவிடவே கூடாது. ஒருநாள் பூக்களின் மகரந்தச் சேர்க்கைக்கு முன்னால் சூதாட்ட விளம்பரம் வந்து, பையன்கள் அதன் பாட்டை ஒரு வாரம் பாடினார்கள். 2018 முதல் நம் புதிய பாடப் புத்தகங்களில் வரத் தொடங்கிய கியூஆர் கோடை மத்திய அரசின் திக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் வருபவற்றை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நம் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலும் தேடிப் பாருங்கள். புனேயில் பல வருஷம் இருந்து, குப்பையில் போகும் பொருள்களால் அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டிய அரவிந்த் குப்தாவின் ஒன்றிரண்டு நிமிடப் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேட்டரி, காந்தம், செம்புக் கம்பி, இரண்டு ஊக்கு, ஒரு ரப்பர் பேண்டு இருந்தால் மோட்டார் ஓடும், அன்றைக்கே செய்துவிடலாம். எதுவானாலும் முழுசாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீடியோவில் ஒரு கலைச்சொல், புத்தகத்தில் வேறு சொல் என்று இருந்தால் இரண்டையும் முதலிலேயே போர்டில் எழுதிவிடுவது நல்லது.

மின்சாரம் போகும் நாள் வரத்தான் செய்யும். அன்றைக்கு என் போனே டிவி. ஆறாறு பேராக உட்கார வைத்து, ஒரு குழு பார்க்கும்போது மற்றவர்கள் தங்கள் ஊகத்தை எழுதுவார்கள். பார்த்து முடித்தவர்கள் விடையை வெளியே சொன்னால் அடுத்த தடவை கடைசிக் குழு. அந்தப் பயத்தில், மோட்டார் ஓடியதா இல்லையா என்பதைக்கூட ரகசியமாகவே வைத்திருக்கிறார்கள்.