வெற்றிலைச் சுண்ணாம்பும் கோலி சோடாவும்: சுண்ணாம்புக் குகையின் வேதியியலை டம்ளரில் பார்க்கலாம்

சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் பால்போல் மாறும். பெரும்பாலான வகுப்புகளில் சோதனை அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த வெண்மையைத் தெளியவைத்து, திரும்பவும் வரவழைத்தால்தான் ஆந்திராவிலுள்ள போரா சுண்ணாம்புக் குகையின் கூரையில் கல் எப்படித் தொங்குகிறது என்பது புரியும். ஆகவே முழுதாகச் செய்து பாருங்கள்.

முதலில் எச்சரிக்கை. சுண்ணாம்பு நீர் வலுவான காரம். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணாடி அணியுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நீற்றாத சுண்ணாம்பை, அதாவது சுட்டெடுத்து இன்னும் தண்ணீர் விடாத சுண்ணாம்பை, வாங்கவே வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

1. சுண்ணாம்பு நீர்

வெற்றிலைக் கடையில் கிடைக்கும் நிறம் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பு அரை டீஸ்பூன். அரை லிட்டர் தண்ணீரில் போட்டு, பாட்டிலை மூடிக் குலுக்கி, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். வெந்நீர் கூடாது. சர்க்கரைக்கு நேர்மாறாக, சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு குறைவாகத்தான் கரையும். அறை வெப்பத்திலேயே லிட்டருக்கு 1.7 கிராம் அளவுதான் கரையும். அள்ளிப் போட்டுப் பயனில்லை.

காலையில் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் மெல்ல இறுத்துக்கொள்ளுங்கள். துணியில் வடிகட்டினால் தூள் இறங்கிவிடும். திறந்து வைத்தால் மேலே மெல்லிய ஆடை படரும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

2. வெளுக்க வைத்தல்

பெரிய கண்ணாடி டம்ளரில் 50 மி.லி. சுண்ணாம்பு நீர். பின்னால் ஒரு கறுப்புத் தாள். அப்போதே உடைத்த கோலி சோடாவை ஒவ்வொரு ஸ்பூனாக விடுங்கள். சோடா விழுந்த இடத்தில் வெள்ளைப் புகை சுருண்டு இறங்கும். அது கால்சியம் கார்பனேட். அரியலூரில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான்.

3. தெளிய வைத்தல்

பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். எவ்வளவு ஊதினாலும் வெண்மை போகாது. காரணம் இரண்டு. நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம்தான். தவிர, செறிவான சுண்ணாம்பு நீரில் உருவாகும் கார்பனேட் முழுவதையும் கரைக்க அந்த அளவு தண்ணீர் போதாது. சோடா விட்டால் வாயுவும் கிடைக்கும், நீரும் கூடும். அதனால் மூச்சை ஊதும் உறிஞ்சுகுழலை ஒதுக்கிவிட்டு சோடாவையே எடுங்கள். குழந்தைகள் தவறிப்போய் உறிஞ்சிவிடும் பயமும் இல்லை.

வெண்மை அடியில் படிவதற்குள் 150 மி.லி. வரை சோடாவை விட்டு மெதுவாகக் கலக்குங்கள். சில நிமிடங்களில் தெளியும். கார்பனேட் இப்போது கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட் ஆகிவிட்டது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கரைப்பது இப்படித்தான். குகை அப்படித்தான் குடைபடுகிறது.

4. கல்லைத் திரும்ப வரவழைத்தல்

தெளிந்த நீரைப் பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். வாயு வெளியேறியதும் நீர் மறுபடி கலங்கும். ஆறியபின் கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் நன்றாகத் தெரியும்.

குகையில் அடுப்பு கிடையாது. கூரையில் தொங்கும் சொட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குகைக் காற்றுக்குள் கசிந்து போகிறது. போனதும் கார்பனேட் படிகிறது. தண்ணீர் காய்வதால்தான் கல் தொங்குகிறது என்று எழுதுவதை மாணவர்கள் நிறுத்த வேண்டும். ஈரம் சொட்டும் குகையில் முக்கியக் காரணம் வாயு வெளியேறுவதுதான்.

பின்சேர்க்கை

எலுமிச்சை சோடாவில் செய்தவர்களுக்குக் குழப்பமாக வந்திருக்கிறது. அதிலுள்ள அமிலம் நேரடியாகச் சுண்ணாம்போடு வினைபுரியும். வெறும் சோடாதான் வேண்டும்.

சோடா தயாரித்த தண்ணீரே உப்புத் தண்ணீராக, அதாவது ஏற்கெனவே கால்சியம் கரைந்த கடின நீராக, இருந்தால் என்ன செய்வது என்று ஓர் ஆசிரியர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அதே அளவு சோடாவை மட்டும் தனியாகக் கொதிக்கவைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுதான் உங்கள் சுண்ணாம்பிலிருந்து வந்தது.