விண்வெளி என்றால் உயரம் மட்டுமல்ல: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

"விண்வெளியில் ஈர்ப்பு விசை கிடையாது, அதனால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள்." முதலில் கைவிட வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். இதை வைத்துக்கொண்டு யோசித்தால் அடுத்து வரும் கேள்விகளுக்கும் பதில் கோணலாகவே கிடைக்கும். சர்வதேச விண்வெளி நிலையம் தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. தரையில் நாம் உணரும் ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு ஒரு ஏணி போட்டு உச்சிப்படியில் நின்றால் யாரும் மிதக்க மாட்டார்கள். எடை கொஞ்சம் குறைந்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் மிதக்கிறார்கள்? நிலையம் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறது. கூடவே, மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுகிறது. அது விழுகிற அளவுக்குப் பூமியும் வளைந்து விலகிவிடுவதால் தரை வந்து சேர்வதே இல்லை. வீரர், அவர் கையில் உள்ள ஸ்பேனர், சுற்றியுள்ள சுவர் எல்லாம் ஒன்றாக விழும்போது எதுவும் எதன் மேலும் அழுந்தாது. 2008 நவம்பரில் ஹைடமேரி ஸ்டெஃபானிஷின்-பைப்பர் என்ற வீராங்கனை நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தார். பைக்குள் கசிந்திருந்த கிரீஸைத் துடைக்கும்போது கருவிப் பை நழுவிவிட்டது. அது பூமியை நோக்கி நேராக விழவில்லை. நிலையத்தின் வேகம் அதற்கும் இருந்ததால் தன் பாட்டுக்குப் பூமியைச் சுற்றத் தொடங்கிவிட்டது. அந்த உயரத்தில் மிச்சமிருக்கும் மிக மெல்லிய காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்க, 2009 ஆகஸ்டில்தான் அந்தப் பை எரிந்துபோனது.

ஆக, சுற்றுப்பாதையில் நிற்பதற்கு முக்கியம் பக்கவாட்டு வேகம். ராக்கெட் செங்குத்தாகக் கிளம்பினாலும் சீக்கிரமே சாயத் தொடங்குவது இதற்காகத்தான். எரிபொருளின் பெரும்பங்கும் இந்த வேகத்தைச் சேர்க்கவே செலவாகிறது. திரும்பும்போது அந்த வேகத்தை எங்காவது தொலைத்தாக வேண்டுமே! காற்றில் மோதித்தான் தொலைக்கிறார்கள். விண்கலம் உராய்வினால் சூடாகிறது என்று சொல்வது பாதிகூடச் சரியில்லை. முன்னால் உள்ள காற்று விலக நேரமில்லாமல் நசுங்குவதால்தான் பெரும்பகுதி வெப்பம் உண்டாகிறது.

2023-ல் எல்லோரும் கேட்ட கேள்விக்கு வருவோம். அப்போலோ 11 மூன்று நாளில் நிலவை எட்டியபோது சந்திரயான்-3 மட்டும் ஏன் 40 நாள் எடுத்துக்கொண்டது? தொழில்நுட்பம் பின்தங்கியது என்று முடிவு கட்டுவது தவறு. அப்போலோவைச் சுமந்த சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எடை சுமார் 2,900 டன். சந்திரயானை ஏவிய எல்விஎம்-3 சுமார் 640 டன். சின்ன ராக்கெட்டால் ஒரே மூச்சில் நிலவை நோக்கித் தள்ள முடியாது. ஆகவே ஜூலை 14-ல் ஏவி, விண்கலம் பூமிக்கு மிக அருகில் வரும் சமயம் பார்த்து எஞ்சினை இயக்கி, சுற்றுப்பாதையின் மறுமுனையைப் படிப்படியாக நீட்டினார்கள். அது நிலவை நோக்கிக் கிளம்பியதே ஆகஸ்ட் 1-ல்தான். 5-ஆம் தேதி நிலவின் சுற்றுப்பாதையில் சேர்ந்துவிட்டது. மிச்ச நாட்கள் பாதையைச் சுருக்குவதிலும், இறங்கும் இடத்தில் விடிவதற்காகக் காத்திருந்ததிலும் போயின. நிலவில் பகல் ஏறக்குறைய இரண்டு வாரம் நீடிக்கும். சூரியத் தகடுகளை நம்பியிருந்த கலத்துக்கு அந்தப் பகல் முழுவதும் தேவைப்பட்டது.

நிலவுக்கு 'இருண்ட பக்கம்' இருக்கிறது என்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பூமியிலிருந்து பார்க்க முடியாத மறுபக்கத்திலும் இதே இரண்டு வாரப் பகல் உண்டு. 2019 ஜனவரியில் அங்கே இறங்கிய சீனாவின் சாங்'இ-4 விண்கலம் சூரியத் தகடுகளோடுதான் போனது.

இன்னொரு வகைத் தவறுக்குக் காரணம், பாடப்புத்தகப் படங்கள். பூமியின் பாதையை நீள்முட்டையாக வரைந்துவிடுவார்கள். அதைப் பார்த்தால் சூரியனுக்குப் பக்கத்தில் போகும்போது கோடை என்றுதான் தோன்றும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது வடபாதியில் குளிர்காலம். மிகத் தொலைவில், அதாவது 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலையில். பருவங்களுக்குக் காரணம் அச்சின் 23.4 பாகைச் சாய்வு.

அந்தப் படங்களில் தூரமும் சரியாக இருக்காது, தாளில் இடம் போதாது. சூரியனை 1 மீட்டர் பந்தாக வரைந்தால் 9 மில்லிமீட்டர் பூமியை 107 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நெப்டியூனுக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் பாறைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் என்ற கற்பனையும் இப்படி வந்ததே. அங்குள்ள அத்தனையையும் சேர்த்தாலும் நிலவின் நிறையில் 3 சதவீதம்தான் தேறும். 1972-ல் ஏவப்பட்ட பயனியர் 10 விண்கலம் எதிலும் மோதாமல் அதைக் கடந்தது.

கடைசியாக ஒன்று. வாயேஜர் 1 விண்கலம் சூரியக் குடும்பத்தைவிட்டே போய்விட்டது என்று செய்திகளில் அடிக்கடி வருகிறது. 2012 ஆகஸ்டில் அது கடந்தது சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம், ஓயும் எல்லையைத்தான். சூரியனின் ஈர்ப்புக்குள் அடங்கிய, பனிப்பாறைத் துண்டுகளால் ஆன ஊர்ட் மேகம் அதற்கும் வெகு தூரம் அப்பால் இருக்கிறது. அதன் உள் விளிம்பை எட்டவே வாயேஜருக்கு 300 ஆண்டு ஆகலாம் என்பது நாசாவின் கணக்கு. முழுதாகக் கடக்க 30,000 ஆண்டு.