ஸ்பைவேர் தடுப்புக்குக் காசு கொடுக்கும் முன்

"உங்கள் கணினியில் 37 வைரஸ்கள்!" என்று பெரியப்பா வீட்டுத் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி அலறிக்கொண்டிருந்தது. அதை நம்பி அவர் இறக்கிய 'கிளீனர்'தான் நிஜமான ஸ்பைவேர், அதாவது நமக்குத் தெரியாமல் நம்மை உளவு பார்க்கும் மென்பொருள். சாதாரண வலைப்பக்கத்தால் உங்கள் ஹார்டு டிஸ்க்கை ஸ்கேன் செய்ய முடியாது. அப்படிப் பெட்டி வந்தால் எதையும் தொடாமல் பிரௌசரையே மூடிவிடுங்கள்.

விண்டோஸ் 10, 11 என்றால் டிஃபெண்டர் என்ற தடுப்பு மென்பொருள் கூடவே வருகிறது. 2004இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஜயன்ட் என்ற நிறுவனத்தின் ஸ்பைவேர் தடுப்பு மென்பொருளிலிருந்துதான் இது உருவானது. வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலும் இதுவே போதும் என்பேன். கூடுதலாக ஒன்று வேண்டுமா? மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு. சோதனைக் காலம் முடிந்ததும் அது தானாகக் காவல் காக்காது, நாம் சொன்னால் மட்டும் ஸ்கேன் செய்யும். அதனால் டிஃபெண்டரோடு சண்டை வராது. எந்நேரமும் விழித்திருக்கும் இரண்டைச் சேர்த்துப் போட்டால்தான் கணினி ஆமையாகிவிடும்.

அப்புறமும் சந்தேகமா? விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே ஒளிந்திருப்பதைத் தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் ஃபைல்களை முதலில் சேவ் செய்துகொள்ளுங்கள்.