நாஸ் பெட்டியில் ஹார்ட் டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லையா? இப்படித் தேடுங்கள்

ரவுட்டருக்குப் பக்கத்தில் நாஸ் பெட்டியை (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்க உதவும் டிஸ்க் பெட்டி) வைத்து, ஹார்ட் டிஸ்கை உள்ளே தள்ளி, ஃபார்மேட் கொடுக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வருகிறது: டிஸ்கை ஃபார்மேட் செய்ய முடியவில்லை. உடனே கை போவது மறுபடியும் அதே பட்டனுக்குத்தான். அதனால் காரியம் ஆவது அபூர்வம். டிஸ்கில் உண்மையிலேயே பழுது இருந்தால், திரும்பத் திரும்ப முயல்வது அதை இன்னும் மோசமாக்கவும் கூடும்.

நாஸ் காட்டும் செய்தி பெரும்பாலும் காரணத்தைச் சொல்லாது. அடாப்டர் பலவீனமாக இருந்தாலும், டிஸ்க் செத்துக்கொண்டிருந்தாலும், டிஸ்கில் பழைய தடயங்கள் மிச்சமிருந்தாலும் ஒரே வரிதான் வரும். பழுது டிஸ்கிலா, பெட்டியிலா, இரண்டுக்கும் நடுவிலா என்பதை முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. கீழே வரும் வழிகளில் பல, டிஸ்கில் இருப்பதை முழுவதுமாக அழித்துவிடும். வேறொரு நாஸில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் என்றால், அதிலிருந்த படங்களும் கோப்புகளும் வேறெங்காவது பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே தொடருங்கள். இன்னொன்றும் உண்டு: நாஸ் டிஸ்கை விண்டோஸ் கணினியில் செருகினால், 'இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று அது கேட்கக்கூடும். டிஸ்க் கெட்டுப்போனதால் அப்படிக் கேட்பதில்லை. நாஸ்கள் பெரும்பாலும் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையைப் பயன்படுத்துகின்றன, விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். தகவல் உள்ள டிஸ்க் என்றால் அங்கே 'ஆமாம்' கொடுத்துவிடாதீர்கள்.

முதல் படி: எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள்

இன்னும் ஒரே ஒரு முறை ஃபார்மேட் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்.

தொடங்கிய சில நொடிகளிலேயே தோல்வி என்றால், டிஸ்கில் மிச்சமிருக்கும் பழைய பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்து வைத்த பகுதி), பழைய ரெய்டு (பல டிஸ்குகளை ஒரே தொகுப்பாக இணைக்கும் முறை) தடயம், அல்லது அந்தப் பெட்டி ஏற்காத டிஸ்க் மாடல் என்று சந்தேகப்படலாம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே சதவீதத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றால், டிஸ்கின் அந்தப் பகுதியில் கெட்ட செக்டர்கள் (தகவல் எழுதப்படும் சிறு துண்டுகள்) இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு முறை 10 சதவீதம், அடுத்த முறை 60 என்று இடம் மாறி மாறி நின்றாலோ, நடுவில் டிஸ்கே பட்டியலிலிருந்து காணாமல் போனாலோ, மின்சாரத்தையும் இணைப்பையும் பாருங்கள்.

காதையும் கொடுங்கள். டிஸ்க் சுழலத் தொடங்கி, 'டிக்' என்று ஒரு சத்தம், நின்று, மறுபடி சுழலத் தொடங்கினால் ஒன்று போதிய மின்சாரம் கிடைக்கவில்லை, இல்லையென்றால் உள்ளே படித்து எழுதும் ஹெட் போய்விட்டது.

இரண்டாம் படி: அடாப்டரும் ஸ்லாட்டும்

செலவே இல்லாத சோதனை இது. ஆனாலும் பலர் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் பக்கம் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஓட ஆரம்பித்த பிறகு அதில் சிறு பங்குதான் தேவைப்படும். இரண்டு டிஸ்க் பெட்டிகளோடு 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் வருவது வழக்கம். சில வருடங்கள் ஓடிய அடாப்டர், லேபிளில் 5 ஆம்பியர் என்று இருந்தாலும் அவ்வளவு கொடுக்காது. ஒரு டிஸ்க் மட்டும் இருக்கும்போது ஃபார்மேட் ஆகி, இரண்டும் சேர்ந்தால் தோற்றுப்போகிறது என்றால் முதல் குற்றவாளி அடாப்டர்தான். மாற்று அடாப்டரில் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், பின்னின் உள்பக்கம் பிளஸ்ஸா மைனஸா என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், கரண்ட் போகும் கணத்தில் நாஸ் ரீஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் 'யுபிஎஸ்', 'நார்மல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரம் கூடுதல். மணிக்கணக்கில் ஓடும் ஃபார்மேட்டைக் கெடுக்க அந்த இடைவெளி போதும்.

அப்புறம் ஸ்லாட். நாஸை முறைப்படி ஷட்டவுன் செய்து, டிஸ்கை வெளியே எடுத்து, வேறு காலி ஸ்லாட்டில் நன்றாக அழுத்திச் செருகுங்கள். டிரே பாதி உள்ளே போய் மாட்டிக்கொண்டு, விளக்கு எரிந்தாலும் இணைப்பு உறுதியாக இல்லாமல் இருப்பது அடிக்கடி நடப்பது. இப்போது பழுது டிஸ்கோடு சேர்ந்து நகர்ந்தால் டிஸ்க்தான் காரணம். டிஸ்க் புது ஸ்லாட்டில் சரியாகி, பழைய ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் தோற்றால் பெட்டியில் கோளாறு. ஏற்கெனவே தகவலோடு ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் பெட்டியில் இருந்து, காலி ஸ்லாட்டும் இல்லையென்றால் இந்த இடமாற்றத்தில் இறங்க வேண்டாம். நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: கணினியில் மாட்டி உடல்நிலை பாருங்கள்

சந்தேகத்துக்குரிய டிஸ்கை ஒரு யுஎஸ்பி டாக்கில் (டிஸ்கைச் செருகி யுஎஸ்பி வழியே இணைக்கும் தாங்கி) மாட்டிக் கணினியோடு இணையுங்கள். 3.5 அங்குல டிஸ்க் என்றால் டாக்குக்குத் தனி அடாப்டர் இருந்தே ஆக வேண்டும். லேப்டாப் டிஸ்குக்கான வெறும் கேபிள் இதைச் சுழற்றாது.

டெஸ்க்டாப்பின் எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) நேராகச் செருகியபோது டிஸ்க் சுழலவே இல்லையென்றால் பதற வேண்டாம். டிஸ்குகளை இணைக்கும் சாட்டா முறையின் புது விதிமுறையில் மின் இணைப்பின் மூன்றாவது பின்னுக்கு டிஸ்கை நிறுத்தி வைக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். பழைய எஸ்எம்பிஎஸ் அதே பின்னில் 3.3 வோல்ட் அனுப்பும். டிஸ்க் அதை 'நில்' என்று எடுத்துக்கொள்ளும். வெளியே தொங்கும் யுஎஸ்பி டிரைவைப் பிரித்து எடுத்த டிஸ்குகளில் இதை அதிகம் பார்க்கலாம். டாக்கில் போட்டால் பெரும்பாலும் ஓடும்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறங்கள். இது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைக் காட்டும். மேலே நீலத்தில் 'குட்' என்று இருப்பதை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள், கீழே உள்ள பட்டியலைப் படியுங்கள். 'ரா வேல்யூஸ்' எண்கள் முதலில் பதினறும எண்களாக இருக்கும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ், அதில் 10 என்று உள்ளதைத் தேர்ந்தால் சாதாரண எண்களாக மாறிவிடும்.

நான்கு வரிகள் போதும். 05 என்பது கெட்டுப்போனதால் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். சி6, சோதித்தும் சரிசெய்ய முடியாதவை. சி7 டிஸ்கின் உள்ளே நடப்பதைப் பற்றியதல்ல. டிஸ்குக்கும் பெட்டிக்கும் நடுவே தகவல் சிதைந்து போன தடவைகளை அது எண்ணுகிறது, ஆகவே கேபிளையோ ஸ்லாட்டையோதான் சந்தேகிக்க வேண்டும்.

புது டிஸ்கில் 05, சி5, சி6 மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். வாங்கி வந்த அன்றே சி5-ல் எண் இருந்தால் விவாதமே வேண்டாம், கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். சி7 மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. ஏறிய எண் இறங்கவே இறங்காது, பழைய கேபிள் தப்பு செய்ததெல்லாம் அதிலேயே நிற்கும். எண் எவ்வளவு என்பதைவிட, இப்போதும் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. பட்டியலே வரவில்லையென்றால் உங்கள் டாக் ஸ்மார்ட் தகவலைக் கடத்துவதில்லை என்று அர்த்தம், வேறு டாக் அல்லது நேரடி சாட்டா இணைப்பு தேவைப்படும்.

நான்காம் படி: பழைய தடயத்தைத் துடையுங்கள்

ஸ்மார்ட் சுத்தம், ஆனாலும் ஃபார்மேட் சில நொடிகளில் தோற்கிறது என்றால் இந்தப் படிதான் உங்களுக்கு. வேறு நாஸிலோ, சிசிடிவி ரெக்கார்டரிலோ ஓடிய டிஸ்குகளில் இது சகஜம். பழைய ரெய்டின் அடையாளக் குறிப்பு டிஸ்கிலேயே எழுதப்பட்டிருக்கும். புதுப் பெட்டி அதைப் படித்து, 'இது இன்னொரு தொகுப்பின் உறுப்பினர்' என்று நினைத்துத் தயங்கும்.

விண்டோஸில் டிஸ்க் பகுதிகளைக் கையாள டிஸ்க்பார்ட் என்ற நிரல் இருக்கிறது. கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிஸ்க்பார்ட் என்று தட்டி என்டர். அடுத்து லிஸ்ட் டிஸ்க். கணினியில் உள்ள எல்லா டிஸ்குகளும் எண்ணோடு வரும். இங்கே நிதானம் தேவை. 4 டெராபைட் டிஸ்க் 3726 ஜிபி என்றும், 3 டெராபைட் டிஸ்க் 2794 ஜிபி என்றும் தெரியும். 1024-ஆல் வகுத்துக் காட்டுவதால் வரும் வித்தியாசம், டிஸ்க் குறையவில்லை. ஆனால் 3 டெராபைட் டிஸ்க் 746 ஜிபி என்று தெரிந்தால், உங்கள் டாக் 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாத பழையது. அதை வைத்து எதையும் செய்யாதீர்கள்.

சரி, எண்ணைக் கண்டுபிடித்தாயிற்று. அது 2 என்றால் செலக்ட் டிஸ்க் 2. அடுத்து டீட்டெய்ல் டிஸ்க் கொடுத்து மாடல் பெயர் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். சந்தேகம் இருந்தால் எக்ஸிட் கொடுத்து வெளியேறி, டாக்கைக் கழற்றிவிட்டு மறுபடி டிஸ்க்பார்ட் திறந்து லிஸ்ட் டிஸ்க் பாருங்கள், காணாமல் போனதுதான் உங்கள் டிஸ்க். டாக்கைத் திரும்பச் செருகி, எண்ணைப் பார்த்து மறுபடி செலக்ட் செய்யுங்கள். உறுதியானதும் க்ளீன். 'நிச்சயமா?' என்றெல்லாம் இந்த நிரல் கேட்காது, என்டர் தட்டிய நொடியில் வேலை முடிந்திருக்கும்.

ரீட் ஒன்லி என்று முரண்டு பிடித்தால், ஆட்ரிப்யூட்ஸ் டிஸ்க் க்ளியர் ரீட்ஒன்லி என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு மறுபடி க்ளீன். 'ஐ/ஓ டிவைஸ் எர்ரர்' வந்தால் டிஸ்கோ டாக்கோ எழுத மறுக்கிறது. வேறு டாக்கிலும் அதே பதில் என்றால் டிஸ்க் போய்விட்டது.

வெறும் க்ளீன் பார்ட்டிஷன் அட்டவணையைத்தான் அழிக்கும். ரெய்டு குறிப்பு பார்ட்டிஷனுக்கு உள்ளே இருப்பதால், நாஸ் அதே இடத்தில் மறுபடி பார்ட்டிஷன் போடும்போது பழைய குறிப்பு மீண்டும் தலைகாட்டக்கூடும். அப்படி நடந்தால் க்ளீன் ஆல் கொடுங்கள். இது ஒவ்வொரு செக்டரிலும் சுழியம் எழுதும். நொடிக்கு 150 எம்பி வேகம் என்றால் 4 டெராபைட்டுக்கு ஏழரை மணி நேரம். யுஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தால் ஒரு நாளைத் தாண்டும். திரையில் சதவீதம் எதுவும் வராது, கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். கணினி ஸ்லீப்புக்குப் போகாதபடி அமைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. சி5-ல் காத்திருந்த செக்டர்கள் எழுதப்படும்போது, ஒன்று சரியாகிவிடும், இல்லை நிரந்தரமாக மாற்றப்பட்டு 05-ல் சேரும். முடிந்த பிறகு ஸ்மார்ட்டை மறுபடி பாருங்கள். சி5 சுழியமாகி அப்படியே நின்றால் முக்கியமில்லாத கோப்புகளுக்கு அந்த டிஸ்கை வைத்துக்கொள்ளலாம். சில நாளில் மறுபடி ஏறினால் அதற்கு மேல் நம்புவதில் அர்த்தமில்லை.

துடைத்து முடித்ததும் விண்டோஸில் புதுப் பார்ட்டிஷன் எதுவும் போடாமல், வெற்று டிஸ்காகவே நாஸில் செருகுங்கள். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

டிஸ்கும் நன்று, பெட்டியும் நன்று, ஆனாலும் ஆகவில்லையா?

அப்போது ஜாதகப் பொருத்தம் பார்க்க வேண்டும். பழைய நாஸ்களில் சில 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்கை ஏற்காது. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறைக்கு 2.2 டெராபைட்தான் உச்சம், ஜிபிடி என்ற புது முறை தெரிந்த பெட்டிக்குத்தான் அதற்கு மேல் போகத் தெரியும். 32 பிட் சிப் உள்ள பழைய மாடல்களில் வால்யூம் (நாஸ் உருவாக்கும் ஒரு சேமிப்புப் பகுதி) 16 டெராபைட்டைத் தாண்டாது. 4கே நேட்டிவ் (4096 பைட் செக்டர் மட்டுமே தெரிந்த) வகை டிஸ்குகளும் பழைய பெட்டிகளில் தகராறு செய்யும். 512இ (பழைய 512 பைட் செக்டர் போல் நடந்துகொள்ளும் வகை) என்று லேபிளில் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

சில சமயம் தடை மென்பொருளிலேயே இருக்கும். நாஸ் தயாரிக்கும் சினாலஜி நிறுவனம் 2025-ல் வெளியிட்ட பிளஸ் வரிசைப் பெட்டிகளில், அந்நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத டிஸ்கில் புதிதாக ஸ்டோரேஜ் பூல் (டிஸ்குகளைச் சேர்த்து அமைக்கும் சேமிப்புத் தொகுப்பு) உருவாக்க விடாமல் தடுத்திருந்தது. பயனர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த டிஎஸ்எம் (சினாலஜி பெட்டிகளின் இயங்குதளம்) 7.3 பதிப்பில், பிற நிறுவன ஹார்ட் டிஸ்குகளுக்கும் வழி விட்டார்கள். அந்த மாடல் வைத்திருப்பவர்கள் டிஸ்கைக் குறை சொல்லும் முன் டிஎஸ்எம்மைப் புதுப்பித்துவிடுங்கள். எந்த நாஸாக இருந்தாலும் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பும், தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள பொருந்தும் டிஸ்க் பட்டியலும் ஐந்து நிமிட வேலைதான்.

ஃபார்மேட் முடிந்தும் 'சரிபார்க்கிறது' என்று மணிக்கணக்கில் ஓடுவதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். ரெய்டு 1 என்றால் இரண்டு டிஸ்குகளும் ஒன்றுபோல் ஆகும்வரை பின்னணியில் வேலை நடக்கும், பெட்டியை அணைக்காதீர்கள். நாள்கணக்கில் இழுத்தால் மட்டும் டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா என்று பாருங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதப்படும் இந்த வகை ரெய்டுக்கு ஒத்துவராது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் டபிள்யூடி ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் டிஸ்குகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் இருப்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. அதன் பிறகு சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத) வகையை ரெட் பிளஸ் என்று தனியே பிரித்தார்கள். வாங்கும்போது சிஎம்ஆரா என்று கேட்டு வாங்குங்கள்.

டிஸ்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால், ஸ்மார்ட் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை சீரியல் எண் தெரியும்படி எடுத்து வையுங்கள். 'எங்கள் மெஷினில் ஓடுகிறதே' என்று கடைக்காரர் சொல்லும்போது, சி5 வரியைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.