மனச்சோர்வுக்கு அக்குபங்சர் ஊசி போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாக அக்குபங்சர் தொழிலுக்கு வந்த ஒருவர் சிகிச்சை கொடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். "இனிமே மாத்திரை எதுக்கு? ஊசியே போதும்" என்றார் நோயாளியிடம். ஒரு காலத்தில் நானும் இப்படிப் பேசியவன்தான். ஊசியின் ஆழம், சுத்தம் எல்லாம் வகுப்பிலேயே சொல்லித் தந்திருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாத்திரையை நிறுத்த விடுவது

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஐந்தாவது வாரம் முகம் தெளிந்திருந்தது, தூக்கம் வந்திருந்தது. "மாத்திரையை விட்டுடலாமா?" என்று கேட்டார். "உங்க உடம்பு உங்களுக்கே தெரியும்" என்றேன். அது நிறுத்தச் சொன்னதற்குச் சமம். நான்கு நாள் கழித்துத் தலைசுற்றலோடு வந்தார். கண்ணைத் திருப்பினாலே தலைக்குள் சுரீரென்று கரண்ட் அடிக்கிறது என்றார். "கழிவு வெளியேறுது, நல்லதுதான்" என்று சொல்லி, உச்சந்தலையில் இன்னொரு ஊசி போட்டு அனுப்பிவைத்தேன்.

அது கழிவே இல்லை. மூளையிலுள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சார்ந்த மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் வரும் தொந்தரவு. மூளை அந்த மருந்துக்குப் பழகியிருக்கும். படிப்படியாகக் குறைத்தால்தான் தாங்கும். பராக்ஸெட்டின் போல உடம்பைவிட்டுச் சீக்கிரம் போகிற மருந்து என்றால் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். ஃப்ளூஆக்ஸெட்டின் என்றால் வாரக்கணக்கில் தள்ளி வரும், அதற்குள் காரணமே மறந்துபோயிருக்கும். நோய் திரும்புவது அதைவிடவும் தாமதமாகலாம். அவருக்கு மூன்றாவது மாதம் திரும்பியது. மறுபடி எழுந்து நடமாட ஒரு வருடம் ஆனது. "கழிவு" என்ற சொல்லை இந்த இடத்தில் யார் சொன்னாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

2013இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றை நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 755 பேர் கலந்துகொண்ட ஆய்வு அது. மூன்று மாதத்தில் ஊசி பலன் தந்தது உண்மை. மன ஆலோசனையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. ஆனால் இரண்டையுமே வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். யாருடைய மாத்திரையையும் பிடுங்கவில்லை. குறைப்பதா வேண்டாமா என்பது மருந்து எழுதிய மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

வலித்தால்தான் வேலை செய்யும் என்று நினைப்பது

2000இல் கேத்லீன் ஹுய் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பெருங்குடல் 4 என்ற அக்குபங்சர் புள்ளியில் ஊசியைத் திருகியபடியே மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஊசி போட்ட இடத்தில் கனமும் மரத்த உணர்வும் வந்தவர்களுக்கு, பயத்தோடும் நினைவோடும் தொடர்புள்ள அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் பகுதிகளின் செயல்பாடு தணிந்தது. சுருக்கென்று வலித்த இரண்டு பேருக்கோ மூளையின் வேறு சில பகுதிகளில் செயல்பாடு தணிவதற்குப் பதில் கூடியது. மனச்சோர்வில் இருப்பவருக்கு எது தேவை என்று யோசித்துவிட்டுத் திருகுங்கள்.

எலிகளிடம் நடந்த ஊசி ஆய்வைக் காட்டி, குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

முதல் நாளே பத்துப் பன்னிரண்டு ஊசி

பயந்தவர் மறுபடி வரமாட்டார்.

தெம்பு வந்ததும் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வது

மனம் தெளிவதற்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடுவதுண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் உள்ளே அப்படியே கிடக்க, எழுந்து நடக்க மட்டும் பலம் வந்திருக்கும் நாட்கள் அவை. நாடியில் இது தெரியாது. "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.