பங்காளி காலமான பின் நன்மதிப்புக் காசு: வரியில் மாட்டிவிடும் தவறுகள்

கொழும்புச் செட்டியார் தெருவில் அக்காவின் கணவரும் தம்பியும் சேர்ந்து நடத்தும் நகைக்கடை என்று வைத்துக்கொள்வோம். அத்தான் காலமாகிறார். அந்தியேட்டி முடிந்ததும் ஐந்தொகையில் (கடையின் சொத்து, பொறுப்புக் கணக்கில்) அவர் பெயரில் நிற்கும் மூலதனத்தை அக்காவிடம் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்ப்பார்கள். முதல் தவறு இதுதான். கடை தானாகச் சம்பாதித்த நன்மதிப்பை, அதாவது கடைப்பெயருக்கு இருக்கும் விலையை, ஐந்தொகையில் காட்ட எல்கேஏஎஸ் 38 என்ற இலங்கைக் கணக்கீட்டு நியமம் விடுவதில்லை. ஐந்தொகையில் தொகை இல்லை என்பதற்காகக் கடைப்பெயருக்கு விலை இல்லாமல் போகாது.

"மரணவரிதான் எடுபட்டுப் போச்சே" என்பார்கள். 1980களிலேயே எடுபட்டது, சரி. ஆனால் 2018 ஏப்ரல் 1 முதல் மூலதன ஆதாய வரி திரும்ப வந்துவிட்டது. பங்குடைமையிலுள்ள உரித்தும் அதற்குள் அகப்படும். தனியாளுக்கு 10 வீதமாக இருந்தது 2025 ஏப்ரலிலிருந்து 15 வீதம். வரி ஆதாயத்துக்கு மட்டும்தான், முழுத்தொகைக்கு அல்ல. பழைய கடையென்றால் ஆதாயத்தைக் கணிக்க 2017 செப்டெம்பர் 30 அன்றைய சந்தைப் பெறுமதி கையில் இருக்கவேண்டும். அதை மதிப்பிட்டு வைக்காதவர்கள்தான் அதிகம்.

பெரிய குழப்பம், "மாதாமாதம் ஏதோ தாறன் அக்கா" என்று தம்பி சொல்வதில் தொடங்குகிறது. பங்குடைமைக்கு இங்கே ஆங்கிலச் சட்டம்தான் அடிப்படை. 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், பங்காளியின் மரணத்தோடு பங்குடைமை கலைகிறது. கணக்குத் தீர்க்காமல் அவர் பங்கை வைத்துத் தொழில் ஓடினால், அந்தப் பங்குக்குரிய இலாபத்தையோ ஆண்டுக்கு 5 வீத வட்டியையோ குடும்பம் கேட்கலாம். அது வருமானம், 36 வீதம் வரை ஏறும் படிநிலை வரிக்குள் போகும். நன்மதிப்பின் விலை மூலதனம். இரண்டையும் சேர்த்து ஒரே காசோலையில் கொடுத்தால், எது எதுவென்று நிரூபிக்கும் தலையிடி அக்காவுக்குத்தான். தம்பியாரும் தப்பமுடியாது: நன்மதிப்புக்குக் கொடுத்ததை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது.

மூலதனம் 1000 ரூபாயைத் தாண்டும் பங்குடைமை எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது நம் பழைய மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். இன்று 1000 ரூபாய்க்கு ஒரு நல்ல சாப்பாடுகூட வராது. அந்த எழுத்திலேயே நன்மதிப்பை எப்படிக் கணிப்பது என்றும் போட்டுவிடலாம்; கடைசி மூன்று ஆண்டுச் சராசரி இலாபத்தின் இரண்டு மடங்கு என்பதுபோல.

புதுக்கடை நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்து பற்றிய வழக்கு) இழுபடுகிறது என்று இறைவரியை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. இறந்த நாள் வரையான வருமானத்துக்கு அவருடைய சொத்தின் நிர்வாகி வரி அறிக்கை கொடுத்தே ஆகவேண்டும். வழமையான கடைசி நாள் நவம்பர் 30.